சிங்க் பொத்தான் இருக்க, கைப்பழக்கம் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலும் திருமண விருந்து, பிறந்தநாள், திருவிழாக் கலைநிகழ்ச்சி என்று பல ஆண்டுகளாகப் பாட்டுப் போட்டு வரும் என்னிடம், அண்மைக் காலமாக இளையோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். டிஜேக்கள் பாட்டுகளை இயக்கிக் கலக்கப் பயன்படுத்தும் சிறிய கண்ட்ரோலர் ஒன்றை வாங்கி, மடிக்கணினியோடு இணைத்து, வீட்டு வரவேற்பறையிலேயே பழகத் தொடங்கிய தம்பி ஒருவர் சென்ற மாதம் அதை இப்படிக் கேட்டார்: "அண்ணே, சிங்க் பட்டன அழுத்துனா ரெண்டு பாட்டும் தானா சேந்துடுது. அப்புறம் எதுக்குக் கையால பழகணும்?"

நியாயமான கேள்விதான். அதற்கு "அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம்" என்று தொடங்கும் பதில் எந்தப் பயனையும் தராது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு பாட்டின் வேக எண்ணைப் பொருத்தும் வேலையைப் பொத்தானிடம் தாராளமாக விட்டுவிடலாம், ஆனால் பொத்தான் காட்டும் எண் உண்மையா என்று சொல்வதற்கு ஒரு காது வேண்டும், அந்தக் காது கையால் பொருத்திப் பழகியவர்களுக்கே எளிதில் வாய்க்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை, டிஜே மேசையை இதுவரை தொட்டிராதவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

ஒரு பாட்டு முடியும் முன்னரே அடுத்த பாட்டை அதன்மேல் ஏற்றி, ஆடுகிறவர்களின் கால் நிற்காதபடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கூட்டிச் செல்வதே கலவை, அதாவது மிக்சிங். இதில் மூன்று பொருத்தங்கள் இருக்கின்றன. நம் இசையில் இவற்றுக்கு ஏற்கெனவே சொற்கள் இருப்பதால் அவற்றையே பயன்படுத்துகிறேன். முதலாவது காலப்பிரமாணம்: இரண்டு பாட்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்னும் இந்தக் கணக்கைத்தான் டிஜேக்கள் பிபிஎம் என்கிறார்கள். இரண்டாவது சமம்: வேகம் ஒன்றானாலும் ஒரு பாட்டின் முதல் தட்டு, மற்றதன் முதல் தட்டின் மேலேயே விழ வேண்டும், இரண்டாம் தட்டின் மேல் விழுந்தால் ஒருவர் வலக்காலும் மற்றவர் இடக்காலும் எடுத்து வைத்து நடப்பதுபோல் ஆகிவிடும். மூன்றாவது எடுப்பு: பழைய பாட்டின் சரணம் முடிந்து இடையிசை தொடங்கும் இடத்தில் புதிய பாட்டு நுழைகிறதா, அல்லது பாடகர் சொல்லை முடிக்கும் முன்னரே குறுக்கே புகுந்துவிடுகிறதா என்பது.

வேகத்தில் உள்ள மிகச் சிறிய வேறுபாடு எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 0.6 நொடி இருக்கிறது. அதன்மேல் 100.5 வேகத்தில் ஓடும் பாட்டை ஏற்றினால், இரண்டும் ஒன்றாகத் தொடங்கினாலும், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 5 மில்லிநொடி விலகிக்கொண்டே போகும். ஆறு நொடியில் அந்த விலகல் 30 மில்லிநொடியாகிவிடும். அதற்குள் "டும்" என்று ஒற்றையாக விழுந்த கிக் எனப்படும் பெரிய டிரம் ஒலி "டுடும்" என்று இடறத் தொடங்கும். ஒரு நிமிடத்தில் ஒரு பாட்டின் தட்டு மற்றதன் இரு தட்டுகளுக்கு நடுவே போய் நிற்கும். அரைத் தட்டு வேறுபாடுதானே என்று விட்டுவிட முடியாததன் காரணம் இதுதான்.

இந்த விலகலைக் கையால் திருத்தும் கலை 1960களின் இறுதியில் நியூயார்க்கில் உருவெடுத்தது. பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி அமைத்திருந்த சாங்சுவரி என்னும் கிளப்பில், பிரான்சிஸ் கிராசோ என்பவர் இரண்டு இசைத்தட்டுகளை ஒரே வேகத்தில் ஓடவிட்டு ஒன்றின்மேல் ஒன்றைக் கலந்து காட்டினார். டிஜே கலையில் இதற்கு முன்னோடி என்று பெரும்பாலும் அவரையே குறிப்பிடுவார்கள். 1972-இல் டெக்னிக்ஸ் நிறுவனம் எஸ்எல்-1200 என்னும் தட்டுச்சுழலியை வெளியிட்டது. மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றியதால் கையால் பிடித்து நிறுத்தி விட்டாலும் அது உடனே வேகம் பிடித்தது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நெடிய நகர்த்தி இருந்தது. இன்று நம் தம்பிமார்கள் வாங்கும் மலிவான கண்ட்ரோலரின் ஓரத்தில் இருக்கும் பிட்ச் நகர்த்தி அதன் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.

அந்த நாளில் திரையோ எண்ணோ கிடையாது. ஒரு காதில் மண்டபத்து ஒலியையும் மறு காதில் ஹெட்போன் வழியாக அடுத்த பாட்டையும் கேட்டு, எது முந்துகிறது எது பிந்துகிறது என்று கண்டு, நகர்த்தியைச் சற்றே மேலோ கீழோ தள்ளி, தட்டின் விளிம்பை விரலால் மெல்லத் தடவி நிறுத்தி, இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். வேகத்தை மாற்றினால் சுருதியும் மாறும் என்பது இன்னொரு தொல்லை: ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்டினாலே பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும், நன்கு பழகிய பாடகரின் குரல் யாரோ ஒரு சிறுவனின் குரல்போல் மெலிந்து ஒலிக்கும். இப்போதைய கருவிகளில் சுருதியை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் மாற்றும் வசதி இருக்கிறது. அதற்காகவே நான் கணினிக்கு நன்றி சொல்வேன்.

கணினி பாட்டைத் திறந்தவுடன் அதை முழுவதும் ஆராய்ந்து, தட்டு விழும் இடங்களைக் கண்டு, அதன்மேல் சம இடைவெளியில் கோடுகள் போட்டு வைத்துக்கொள்கிறது. அந்தக் கோட்டு வரிசையை பீட் கிரிட் என்கிறோம். சிங்க் பொத்தானை அழுத்தினால், ஒரு பாட்டின் கோடுகள் மற்றதன் கோடுகளோடு நேராக நிற்கும்படி வேகம் மாற்றப்படுகிறது. கணினி மென்பொருள்களில் முன்பே இருந்த இந்த வசதி, 2012-இல் வந்த பயனியர் சிடிஜே-2000 நெக்ஸஸ் என்னும் டிஜே பிளேயர் வழியாகப் பெரிய கிளப்புகளின் மேசைக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே "உண்மையான டிஜே சிங்க் தொடமாட்டார்" என்னும் பேச்சை நான் ஏற்பதில்லை. சீராக வேகம் காட்டும் சொடுக்கோசைக்கு இசைந்து, கணினியிலேயே உருவாக்கப்பட்ட இன்றைய பாட்டுகளில் அந்தக் கோடுகள் மயிரிழையும் பிசகுவதில்லை. அத்தகைய இரண்டு பாட்டுகளைச் சேர்க்கப் பொத்தானைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. மிச்சமாகும் கையையும் நேரத்தையும் கூட்டத்தைப் பார்ப்பதற்குச் செலவிடலாம்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: சிங்க் பாட்டைக் கேட்பதில்லை, கோட்டைத்தான் பார்க்கிறது. கோடு தவறாக விழுந்திருந்தால், தவறான கோடுகள் இரண்டையும் அது மிகச் சரியாகப் பொருத்திவிடும்.

இதை நான் ஒரு திருமண விருந்தில் கற்றேன். பலநோக்கு மண்டபம், மாப்பிள்ளையின் தாத்தா, காலமெல்லாம் பால்மரக் காட்டில் ரப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்றவர், 1970களின் பாட்டு ஒன்றைக் கேட்டு அனுப்பினார். ஓடிக்கொண்டிருந்த புதிய பாட்டோடு அதைச் சேர்க்கப் பொத்தானை அழுத்தினேன். திரையில் இரண்டு பக்கமும் 104.00 என்று ஒரே எண் நின்றது. முதல் எட்டு எண்ணிக்கை வரை ஒழுங்காகத்தான் போனது. அதன்பின் தபலாவும் கிக்கும் ஒன்றையொன்று மிதிக்கத் தொடங்கின. ஆடிக்கொண்டிருந்த அத்தைமார்களின் கால்கள்தான் அதை முதலில் கண்டுகொண்டன. தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அடியெடுத்து வைக்க இடம் தெரியாமல் பாதங்கள் தரையில் தயங்கி நின்றன. நானோ திரையில் 104.00 என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் எளியது. அந்தக் காலத்துத் திரைப்பாடல்கள், வாத்தியக் குழுவினர் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒன்றாக வாசித்துப் பதிவு செய்யப்பட்டவை. மனிதர் வாசிக்கும்போது வேகம் மூச்சுப்போல் ஏறி இறங்கும். பல்லவியில் 102 ஆக இருப்பது இடையிசையில் சற்று விரைந்து, சரணத்தில் மீண்டும் தணியலாம். சம இடைவெளிக் கோடுகளைப் போடும் மென்பொருள் அதற்கு ஒரு சராசரியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. கணினியும், தாளத்தைத் தானாக ஒரே வேகத்தில் இசைக்கும் சீக்வென்சரும் திரையிசையில் வேரூன்றிய பிறகு, குறிப்பாக 1992-இல் ஏ. ஆர். ரகுமான் வந்ததிலிருந்து, வேகம் இம்மி மாறாத பாட்டுகள் பெருகின. ஆனால் நம் ஊர் விருந்துகளில் தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள்; பத்து மணிக்குள் இரண்டு காலத்துப் பாட்டையும் போட்டாக வேண்டும். நகரத்துக் கிளப் ஒன்றில் இரவு முழுதும் ஒரே வகை இசையை மட்டும் போடுகிறவருக்கு இந்தச் சிக்கல் அரிது. நமக்கோ வாரந்தோறும் வரும்.

பழைய பாட்டுக்குக் கோடுகளை அங்கங்கே நீட்டியும் குறுக்கியும் திருத்தி வைக்கலாம்; சில மென்பொருள்கள் வேக மாற்றத்தைத் தாமே தொடரவும் செய்கின்றன. வீட்டில் நேரம் இருந்தால் கட்டாயம் அப்படித் திருத்தி வையுங்கள். ஆனால் விருந்தின் நடுவே கேட்டனுப்பிய பாட்டுக்கு அந்த நேரம் கிடைக்காது. அங்கே கண்ட்ரோலரின் வட்டச் சக்கரமான ஜாக் வீலை இடக்கையால் தொட்டபடி, பிந்தும்போது ஒரு சிறு தள்ளு, முந்தும்போது ஒரு சிறு தடை என்று பாட்டோடு கூடவே நடப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

குத்துப் பாட்டுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் பல, ஒரு தட்டுக்குள் மூன்று மாத்திரை உருளும் திஸ்ர நடையில் அமைந்தவை. மேலைநாட்டு நடன இசையை மனத்தில் வைத்து, நான்கு நான்காக எண்ணும்படி செய்யப்பட்ட மென்பொருள் இதைக் கேட்டுக் குழம்பி, 90 என்று எண்ண வேண்டியதை 180 என்றோ 135 என்றோ எழுதி வைத்துவிடுவது உண்டு. இரட்டிப்பைப் பாதியாக்க ஒரு பொத்தான் இருக்கும். 135-ஐ 90 ஆக்க நீங்களே எண்ணித் தட்டிக் கொடுக்க வேண்டும். அந்தத் தவறான எண்ணை நம்பிச் சிங்க் அழுத்தினால், அடுத்த பாட்டு மூச்சுவாங்க ஓடத் தொடங்கும். கால் தட்டிப் பார்த்து "இது 90 தான்" என்று சொல்லும் பழக்கம் உள்ளவருக்கு இது ஐந்து நொடி வேலை.

நம் ஊருக்கே உரிய சோதனை உறுமி மேளம். மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது உறுமிக் குழுவினர் முன்னே வாசித்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் மேடையை எட்டும் வேளையில் அந்த அடியோடு சேரும்படி ஒரு பாட்டைக் கீழிருந்து எழுப்பச் சொல்வார்கள். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைத்து, மறுபக்கத்தை அடித்து வாசிக்கும் அந்த அண்ணனோடு இணைக்க எந்தக் கம்பியும் இல்லை, எந்தக் கோடும் இல்லை. கூட்டம் ஆர்ப்பரித்தால் அவர் விரைவார்; மணமகளின் புடவை காலில் தடுக்கினால் அவர் அடியைத் தணிப்பார். முதலில் அவர் அடியை வேகம் அறியும் பொத்தானில் தட்டித் தோராயமான எண்ணைப் பெறுகிறேன். பிறகு ஹெட்போனில் என் பாட்டையும் வெறும் காதில் அவர் அடியையும் கேட்டு, நகர்த்தியால் நெருங்கி, அவர் சமத்தில் ஓங்கி அடிக்கும் இடத்தில் ஒலியளவை ஏற்றும் ஃபேடரை உயர்த்துகிறேன். அந்த இரண்டும் ஒன்றாக விழும் நொடியில் மண்டபமே எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலில் அதைவிட எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை.

கைப்பேசியும் அப்படித்தான். "அண்ணே, என் தங்கச்சி பாடினது, வாட்ஸ்அப்பில் இருக்கு" என்று ஒருவர் கைப்பேசியை நீட்டுவார். அதை ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் செருகிவிடலாம், ஆனால் அதில் பிட்ச் நகர்த்தியும் இல்லை, சிங்கும் இல்லை. கைப்பேசி தன் போக்கில் ஓடும். கண்ட்ரோலரில் உள்ள பாட்டைத்தான் அதற்கேற்ப இழுக்க வேண்டும். வாடகைக்கு வரும் பழைய சிடி பிளேயர்கள், இடையில் மின்சாரம் போய்க் கணினி மறுபடி உயிர்பெறும் அந்த மூன்று நிமிடம், ஆராயப்படாத பாட்டுகள் நிறைந்த பென்டிரைவ் ஆகியவற்றைப் பற்றித் தனியே விளக்க வேண்டியதில்லை.

காதால் பொருத்தும்போது இடமும் கவனத்துக்குரியது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. மேடையின் மறுகோடியில், 15 மீட்டர் தள்ளி நிற்கும் பெரிய ஒலிபெருக்கியின் ஒலி உங்களை 45 மில்லிநொடி தாமதமாகவே அடைகிறது. ஹெட்போனோ உடனே ஒலிக்கிறது. இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பொருத்தினால் கூட்டத்துக்குக் கேட்பது பொருந்தாமல் போகும். ஆகையால் உங்கள் மேசைக்கு அருகிலேயே ஒரு சிறிய ஒலிபெருக்கி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு பாட்டையும் ஹெட்போனுக்குள்ளேயே கலந்து கேட்டுப் பொருத்துங்கள்.

வேகப் பொருத்தம் பற்றி இவ்வளவு எழுதினாலும், கலவையில் அது பாதிகூட இல்லை. இரண்டு பாட்டின் பேஸ் எனப்படும் தாழ்ந்த, கனத்த ஒலியையும் ஒரே நேரத்தில் முழுதாக விட்டால் மண்டபம் உறுமலால் நிறைந்து, சொற்கள் புதைந்து, மிக்சரின் சிவப்பு விளக்குகள் எரியும்; ஒன்றின் பேஸைக் குறைத்தபடியே மற்றதன் பேஸை ஏற்ற வேண்டும். அதைச் சிங்க் செய்வதில்லை. எடுப்பையும் அது அறியாது. நம் பாட்டுகளில் முகப்பிசை, பல்லவி, இடையிசை, சரணம் என்று வருவதை நன்கு மனப்பாடம் செய்து, எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே வந்து, சரணத்தின் கடைசிச் சொல் முடியும் இடத்தில் புதிய பாட்டின் முகப்பைத் திறப்பவருடைய கலவையில் எங்கே ஒட்டு இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. மாறாக, வேகம் நூற்றுக்கு நூறு பொருந்தியிருந்தும் பாடகி "என்னை" என்று எடுத்ததை முடிக்கும் முன் வேறொருவர் குரல் மேலே ஏறினால், இசையறியாதவரும் முகம் சுளிப்பார். புதிதாகப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். அவர்களுடைய கண் திரையில் ஓடும் அலைவடிவத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எப்படிப் பழகுவது என்று கேட்டால், நான் சொல்லிக் கொடுக்கும் முறை இதுதான். தாள ஒலி தெளிவாக உள்ள ஒரே பாட்டை இரண்டு பக்கமும் ஏற்றுங்கள். திரையில் வேக எண்ணும் அலைவடிவமும் தெரியாதபடி ஒரு துண்டுக் காகிதத்தை நாடாவால் ஒட்டி மறையுங்கள். வீட்டில் யாரையாவது அழைத்து, ஒரு பக்கத்துப் பிட்ச் நகர்த்தியை உங்களுக்குத் தெரியாமல் சற்றே நகர்த்தச் சொல்லுங்கள். இப்போது இரண்டையும் ஓடவிட்டு, கிக்கைக் கேட்காமல் அதைவிடக் கூரிய ஒலியான கைத்தட்டலையோ சிலம்பொலி போன்ற சிறு தாளத்தையோ கேளுங்கள்; விலகல் அதில்தான் முதலில் தெரியும். எது முந்துகிறது என்று புரியாவிட்டால் ஊகித்து ஒரு பக்கத்தை முன்னே தள்ளிப் பாருங்கள்: இடறல் குறைந்தால் அது பிந்தியிருந்தது, கூடினால் முந்தியிருந்தது. தள்ளிய பிறகு மீண்டும் அதே திசையில் விலகினால் வேகமே குறைவு என்று பொருள். அப்போது நகர்த்தியைத் தொடுங்கள். ஒரே பாட்டு என்பதால், இரண்டும் நெருங்கி ஒன்றாகும்போது யாரோ குழாய்க்குள் இருந்து பாடுவதுபோல் ஒலி வெற்றாகிச் சுழலும். அந்தச் சுழலை அசையாமல் ஒரு நிமிடம் பிடித்து நிறுத்த முடிந்தால் உங்கள் காது திறந்துவிட்டது.

நாள்தோறும் 20 நிமிடம் போதும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதில் பயன் இல்லை, களைத்த காது எதையும் பிரித்தறியாது. ஒரே பாட்டில் கைவந்தபின் வேறுவேறு பாட்டுக்கும், அதன்பின் பழைய வாத்தியக் குழுப் பாட்டுக்கும் போங்கள். கேள்வி கேட்ட அந்தத் தம்பி இப்போது இந்த இரண்டாம் படியில் இருக்கிறார். காகிதத்தை எடுத்துப் பார்க்கும்போது அவர் பொருத்திய வேகத்துக்கும் திரையில் உள்ள எண்ணுக்கும் இடையே முதல் வாரத்தில் இரண்டு தட்டு வரை வேறுபாடு இருந்தது. இப்போது கால்வாசித் தட்டுக்குள் வந்துவிட்டது.

அடுத்த மாதம் அவர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் சிங்க் பொத்தானைப் பயன்படுத்தவே சொல்லியிருக்கிறேன். பொத்தானை அழுத்தியபின் இரண்டு பாட்டையும் ஹெட்போனில் எட்டு எண்ணிக்கைக்குக் கேட்டுவிட்டு, அதன் பிறகே ஃபேடரை ஏற்ற வேண்டும் என்பது மட்டும்தான் நான் வைத்த ஏற்பாடு.